எண்ணெயில் போட்ட டுனா: வாரத்துக்கு எத்தனை டின்?

கேள்வி இதுதான்: சமைக்க நேரமில்லாத ஒருவர் வாரத்தில் நாலைந்து நாள் எண்ணெயில் போட்ட டுனா (சூரை மீன்) டின்னைத் திறந்து சாப்பிட்டுவிடுகிறார். புரதம் கிடைக்கிறது, வேலையும் மிச்சம் என்று அவருக்குத் திருப்திதான். ஆனால் கூட இருப்பவர்களில் ஒருவர் "அது முழுக்கக் கொழுப்பு, தண்ணீரில் போட்டதுக்கு மாறு" என்கிறார், இன்னொருவர் "டுனா என்றாலே பாதரசம், தொடவே தொடாதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மீன் டின்களின் தரப் பரிசோதனையில் சில வருடம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பேரும் பாதி சரி, ஆனால் எண்ணெய்க்கும் பாதரசத்துக்கும் ஒரே அளவு பயப்படத் தேவையில்லை. எண்ணெய் உங்கள் கையில் இருக்கிற விஷயம், ஒரு முட்கரண்டியும் சல்லடையும் இருந்தால் முக்கால்வாசி தீர்ந்துவிடும். பாதரசம் அப்படியில்லை, அது சதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, வடித்தாலும் கழுவினாலும் வறுத்தாலும் போகாது. அதனால் எண்ணெயா தண்ணீரா என்பதைவிட, டின்னுக்குள் இருப்பது எந்த டுனா, அதை வாரத்தில் எத்தனை முறை திறக்கிறீர்கள் என்பதுதான் பெரிய கேள்வி. ஆச்சரியம் என்னவென்றால் டின்னின் முன்பக்கத்தில் எண்ணெயின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள், மீனின் பெயர் பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

டின்னுக்குள் வருவதற்கு முன் அந்த மீனுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். உறைந்து வரும் மீனை இளக்கி, குடலை எடுத்து, முழுசாக ஆவியில் வேகவைப்பார்கள். ஆறியதும் தோல், முள், இரத்தம் தோய்ந்த கருஞ்சதை எல்லாவற்றையும் பெரும்பாலும் கையாலேயே நீக்குவார்கள் (அந்தக் கருஞ்சதை பெரும்பாலும் வளர்ப்புப் பிராணிகளின் தீவனத்துக்குப் போகும்). மிச்சமிருக்கும் சதையை டின்னில் அடைத்து, எண்ணெயோ உப்புத் தண்ணீரோ ஊற்றி, மூடி, ரிடார்ட் என்ற பிரம்மாண்டமான பிரஷர் குக்கரில் 115 முதல் 121 டிகிரி வரை சூடாக்குவார்கள். அதாவது இரண்டு தடவை வெந்த மீன். இந்தச் சூட்டில் போட்டுலினம் என்ற கொடிய நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள்கூடச் செத்துப்போகும், அதனால்தான் பதப்படுத்தும் ரசாயனம் எதுவும் சேர்க்காமலே டின் வருடக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. "டின் உணவு என்றாலே கெமிக்கல்" என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சரி, நல்லதை முதலில் பார்த்துவிடலாம். எண்ணெயில் போட்ட லைட் டுனாவை (கொஞ்சம் பழுப்பான சதை உள்ள வகை) நன்றாக வடித்து 100 கிராம் எடுத்தால் ஏறக்குறைய 29 கிராம் புரதம், 8 கிராம் கொழுப்பு, 200 கலோரி. மாவுச்சத்து கிடையாது. பி12 ஒரு நாளைக்குத் தேவையான 2.4 மைக்ரோகிராமில் பெரும்பகுதி வந்துவிடும், நியாசினும் அப்படியே, செலினியம் ஒரு நாள் தேவையைத் தாண்டியே இருக்கும். வைட்டமின் டி 6 மைக்ரோகிராமுக்கு மேல், பெரியவர்களுக்குச் சொல்லப்படும் 15 மைக்ரோகிராமில் இது கணிசமான பங்கு, சாப்பாட்டிலிருந்து வைட்டமின் டி கிடைக்கும் வழிகளே குறைவு என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு முறை வேகவைத்ததில் தயமின் மாதிரி சூட்டைத் தாங்காத சில வைட்டமின்கள் குறையும், புரதத்துக்கு ஒன்றும் ஆகாது.

சுண்ணாம்புச்சத்து மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மத்தி டின்னில் முள்ளும் சேர்ந்து மெத்தென்று வெந்திருக்கும், அதையும் மென்று விழுங்கிவிடுவோம், கால்சியம் அங்கிருந்து வருகிறது. டுனாவில் முள்ளையெல்லாம் முன்பே எடுத்துவிட்டார்களே.

இப்போது எண்ணெய். ஒரு உதாரண டின் எடுத்துக்கொள்வோம், மேலே நிகர எடை 160 கிராம், வடித்த எடை 112 கிராம் என்று போட்டிருக்கிறது. ஆய்வகத்தில் நாங்கள் செய்வதும் இதுதான், டின்னைத் திறந்து சல்லடையில் கவிழ்த்து, சாய்வாகப் பிடித்து இரண்டு நிமிடம் வடியவிட்டு எடை போடுவோம். கீழே பாத்திரத்தில் சேர்கிற 48 கிராமும் எண்ணெய் இல்லை, அடியில் கொஞ்சம் கலங்கலான மீன் சாறு தனியாக நிற்கும். 40 கிராம் எண்ணெய் என்றே வைத்துக்கொள்வோம், கிராமுக்கு 9 கலோரி வீதம் 360 கலோரி. சல்லடையில் இருக்கும் மீன் 220 கலோரி. ஆக, வடித்துச் சாப்பிட்டால் 220, டின்னை அப்படியே கவிழ்த்து எண்ணெயோடு பிசைந்து சாப்பிட்டால் 580. ஒரே டின், ஒரே மீன், வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டின் பாதி. சல்லடையில் இருக்கும்போதே முட்கரண்டியின் முதுகால் ஒரு அழுத்து அழுத்திப் பாருங்கள், வடிந்து முடிந்தது என்று நினைத்த மீனிலிருந்து இன்னும் எண்ணெய் சொட்டும்.

தண்ணீரில் போட்டது 100 கிராமுக்கு 100 கலோரியை ஒட்டித்தான் வரும், கொழுப்பு ஒரு கிராம் அளவில். எடை குறைக்கிறவருக்கு இது பெரிய வசதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது சவசவ என்று, நார் நாராக, தொண்டையில் அடைக்கிற மாதிரி இருக்கும். அதைச் சரிக்கட்ட மயோனைஸ் போடுவார்கள். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸ் 90 முதல் 100 கலோரி, யாரும் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை. மூன்று கரண்டி போட்டால் எண்ணெயில் போட்டதை வடித்துச் சாப்பிட்டவரைவிட நீங்கள் அதிகம் சாப்பிட்டிருப்பீர்கள், "நான் தண்ணீரில் போட்டதுதான் வாங்குகிறேன்" என்ற பெருமை மட்டும் மிச்சம். தண்ணீர் டின்னை எலுமிச்சைச் சாறும் வெங்காயமும் மிளகும் போட்டுச் சாப்பிட முடிந்தால் மாறுங்கள். முடியாதென்றால் எண்ணெய் டின்னிலேயே இருந்து, ஒழுங்காக வடியுங்கள்.

எண்ணெயில் போட்டதற்கு மணம், மென்மை ஏன் கூடுகிறது என்றால், வாசனை தரும் பொருட்களில் நிறைய எண்ணெயில் கரைபவை, எண்ணெய் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதோடு நீரில் கரையும் பி வைட்டமின்கள் எண்ணெய்க்குள் கசிந்து போவது குறைவு. இதற்கு மறுபக்கமும் உண்டு. மீனின் சொந்தக் கொழுப்பும் அதிலிருக்கும் ஒமேகா-3யும் வைட்டமின் டியும் எண்ணெயில் கரைபவை, நீங்கள் வடித்துக் கொட்டும்போது அவற்றிலும் ஒரு பகுதி போய்விடும். தண்ணீரில் போட்டதில் அந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை, கொழுப்பும் தண்ணீரும் கலக்காது. அப்படியானால் எண்ணெயைக் கொட்டாமல் சாப்பிட வேண்டுமா? வேண்டாம், கொஞ்சம் ஒமேகா-3க்காக 360 கலோரி விழுங்குவது கட்டுப்படியாகாது.

என்ன எண்ணெய் என்பதும் பார்க்க வேண்டியதுதான். சூரியகாந்தி, சோயா எண்ணெய் என்றால் பெரும்பாலும் ஒமேகா-6 கொழுப்பு, விஷம் ஒன்றும் இல்லை, ஆனால் ஏற்கனவே மற்ற சாப்பாட்டில் நமக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது. ஆலிவ் எண்ணெய் என்றால் அதைக் கொட்ட எனக்கு மனசு வராது, ஒரு கரண்டி அளவு எடுத்து எலுமிச்சைச் சாறோடு அடித்து சாலட்டில் ஊற்றிக்கொள்வேன். ஆலிவ் படத்தைப் போட்டுவிட்டு உள்ளே கலப்பு எண்ணெய் ஊற்றியிருப்பதும் உண்டு, சேர்மானப் பட்டியலில் முதலில் எது வருகிறது என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும் அந்த எண்ணெயை வாணலியில் ஊற்றிப் புகையும்வரை காய்ச்சாதீர்கள், அதில் மீன் துணுக்கும் சாறும் கலந்திருப்பதால் வெடிக்கும், தீயும், வீடு முழுக்க நாறும்.

ஒமேகா-3 பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. மீன் என்றாலே ஒமேகா-3, டுனா என்றால் நிறைய ஒமேகா-3 என்று நினைக்கிறோம். லைட் டுனாவாக வருகிற வரிச்சூரை (ஸ்கிப்ஜாக்) உண்மையில் கொழுப்பு மிகக் குறைந்த மீன், சதையில் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் கொழுப்பு. எண்ணெயில் போட்ட லைட் டுனா 100 கிராமில் மீனின் முக்கிய ஒமேகா-3 கொழுப்புகளான டிஎச்ஏ, ஈபிஏ இரண்டும் சேர்ந்தே 0.1 கிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதே அளவு மத்தி டின்னில் 1 கிராம் வரும். பிரிட்டனின் பொதுச் சுகாதார சேவை டின் டுனாவை எண்ணெய்ச்சத்து மீன் கணக்கில் சேர்ப்பதே இல்லை. "இதய நலன்" என்று டின்னில் ஒரு இதயப் படம் போட்டிருந்தால் ரசித்துவிட்டு நகருங்கள். லேபிளில் "ஒமேகா கொழுப்பு" என்று பொதுவாகப் போட்டிருந்தால் அது சேர்த்த தாவர எண்ணெயின் கணக்காகவும் இருக்கலாம்.

லைட் என்ற சொல்லும் ஆளை ஏமாற்றும். கொழுப்பு குறைந்தது என்று நினைத்து வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சதையின் நிறத்தைக் குறிப்பது. அமெரிக்கச் சந்தையில் வெள்ளை டுனா என்று போட ஆல்பகோர் என்ற இனம் ஒன்றுக்குத்தான் அனுமதி, அதைவிடக் கொஞ்சம் பழுப்பாக இருக்கும் வரிச்சூரை, மஞ்சள் துடுப்புச் சூரை போன்றவை லைட். டின் டுனாத் தொழிலின் தொடக்கமே அந்த வெள்ளைச் சதைதான், 1903இல் கலிஃபோர்னியாவின் சான் பெட்ரோவில் மத்தி கிடைக்காமல் சும்மா கிடந்த ஆலையில் ஆல்பகோரை ஆவியில் வேகவைத்து அடைத்துப் பார்த்தார்கள், வெந்ததும் கோழிக்கறி மாதிரி வெளுத்ததால் மீன் பிடிக்காதவர்களும் வாங்கினார்கள். இந்த நிறப் பிரிவினை இன்றைக்கு வேறொரு காரணத்தால் முக்கியமாகிவிட்டது, பாதரசம்.

நிலக்கரி எரிப்பதிலிருந்தும் சுரங்கங்களிலிருந்தும் எரிமலைகளிலிருந்தும் காற்றுக்குப் போகும் பாதரசம் கடலில் விழுகிறது, அங்கே நுண்ணுயிரிகள் அதை மெத்தில் மெர்குரியாக மாற்றுகின்றன, அது மிதவையுயிரியிலிருந்து சிறு மீனுக்கும் சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் போகப் போகச் சேர்ந்துகொண்டே வருகிறது. டுனா வேட்டையாடும் மீன், அதுவும் உடம்பைச் சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாக வைத்துக்கொண்டு ஓயாமல் நீந்துகிற மீன், அதற்குத் தீனி நிறைய வேண்டும். அதிகம் தின்று அதிக வருடம் வாழ்கிற இனத்தில் பாதரசம் அதிகம் சேரும். வரிச்சூரை சின்ன மீன், சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பிடிபட்டுவிடும், அதனால் அதில் குறைவு. ஆல்பகோர் அதைவிடப் பெரியது, பல வருடம் வாழ்வது.

மெத்தில் மெர்குரி புரதத்தில் உள்ள கந்தகத்தோடு ஒட்டிக்கொள்கிறது, கொழுப்போடு இல்லை. இதனால்தான் எண்ணெயை வடித்தால் பாதரசமும் வடிந்துவிடும் என்பது தப்பு. நல்லவேளையாக, எண்ணெயில் போட்டதால் அது கூடுவதும் இல்லை.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம், பயமும் அலட்சியமும் ரெண்டும் கணக்கு போடாததால் வருவதுதான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பல வருடம் எடுத்த மாதிரிகளில் டின் லைட் டுனாவின் சராசரி கிராமுக்கு 0.126 மைக்ரோகிராம் பாதரசம், ஆல்பகோருக்கு 0.35. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 6, வாரத்துக்கு 42. நம் 112 கிராம் டின் லைட் டுனா என்றால் அதில் 14 மைக்ரோகிராம், மூன்று டின்னில் 42, வாரக் கணக்கு முடிந்தது. ஆல்பகோர் என்றால் ஒரே டின்னில் 39, அந்த வாரம் இன்னொன்று திறக்கக் கூடாது. பெருங்கண் சூரையின் (பிக்ஐ) சராசரி இன்னும் மோசம், கிராமுக்கு 0.69, அதை அந்த நிர்வாகம் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய பட்டியலிலேயே போட்டிருக்கிறது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொஞ்சம் தாராளம், வாரத்துக்குக் கிலோவுக்கு 1.3 மைக்ரோகிராம். அதன்படி அதே ஆளுக்கு 78, லைட் டுனா ஐந்து டின்னைத் தாண்டும். எது சரி? இரண்டுமே பாதுகாப்புக்காகக் கணிசமாகக் குறைத்து வைக்கப்பட்ட வரம்புகள்தான், அமெரிக்கக் கணக்கில் பத்தால் வகுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் நாலு டின் ஆகிவிட்டால் மறுநாள் கை நடுங்கப் போவதில்லை. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளியே தெரியவந்த பாதரச நச்சுக் கொடுமையை இதோடு சேர்த்துப் பேசுவார்கள், அங்கே ஒரு ரசாயன ஆலை கழிவைக் கடலில் நேரடியாகக் கொட்டியது, அந்த அளவும் இதுவும் ஒன்றில்லை. ஆனால் இரத்தத்தில் ஏறிய மெத்தில் மெர்குரி பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும். அதனால் எப்போதாவது ஒரு வாரம் கூடுவதில் ஒன்றுமில்லை, ஒவ்வொரு வாரமும் ஏழு டின் என்று வருடக்கணக்கில் போவதுதான் தப்பு. உடற்பயிற்சி செய்கிறேன் என்று தினம் இரண்டு டின் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

டுனாவில் செலினியம் நிறைய இருப்பதால் பாதரசத்தை அது முறித்துவிடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டும் என்பது உண்மை. ஆனால் எந்தச் சுகாதார அமைப்பும் அதை வைத்து வரம்பைத் தளர்த்தவில்லை, நானும் தளர்த்த மாட்டேன்.

குழந்தைகள் விஷயத்தில் கணக்கு வேறு. 15 கிலோ குழந்தைக்கு வாரத்துக்கு 10.5 மைக்ரோகிராம்தான், ஒரு லைட் டின்னில் முக்கால் பங்கு சாப்பிட்டாலே தொட்டுவிடும். பெரியவருக்குப் போடுகிற மாதிரி தட்டில் போட்டுவிட்டு மீன் சாப்பிடுகிறதே என்று சந்தோஷப்படக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் மீனையே விட்டுவிடுவதும் தப்பு, கருவின் மூளைக்கு டிஎச்ஏ வேண்டும். பாதரசம் குறைந்த மீன்களை மாற்றி மாற்றிச் சாப்பிட்டு, டுனா என்றால் லைட் வகையை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை என்று வைத்துக்கொள்ளலாம், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு.

பாதரசத்தை எல்லோரும் பேசுகிறார்கள், ஹிஸ்டமினை யாரும் பேசுவதில்லை, இத்தனைக்கும் அதே நாளில் ஆளைப் படுக்க வைப்பது இதுதான். டுனாவின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். பிடித்த மீனை உடனே குளிர்விக்காமல் விட்டால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்புறம் அதை எத்தனை டிகிரியில் வேகவைத்தாலும் பாக்டீரியா சாகும், ஹிஸ்டமின் அப்படியே நிற்கும். அதைச் சாப்பிட்டால் சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் குப்பென்று சிவக்கும், தலை வலிக்கும், தடிப்பு, படபடப்பு, சிலருக்கு வயிற்றுப்போக்கு. மீன் ஒவ்வாமை என்று நினைத்து வாழ்நாள் முழுக்க மீனை விட்டவர்களும் இருக்கிறார்கள். வாயில் வைத்ததும் மிளகு மாதிரிச் சுரீரென்றோ உலோகம் மாதிரியோ இருந்தால் துப்பிவிடுங்கள். ஆலையில் நாங்கள் வெந்த சதையைப் பிட்டுப் பார்க்கும்போது தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தால் அந்த மீன் வேகவைக்கும் முன்பே கெட ஆரம்பித்தது என்று அர்த்தம். உங்கள் டின்னில் அப்படித் தெரிந்தாலும் அதே அர்த்தம்தான்.

ஆலை ஒழுங்காக இருந்தாலும் வீட்டில் கெடுக்கலாம். டின்னைத் திறந்து பாதி சாப்பிட்டுவிட்டு மீதியைச் சமையலறை மேடையில் மத்தியானம் முழுக்க வைத்திருந்தால், உங்கள் கையிலும் கரண்டியிலும் இருந்து போன கிருமிகள் அதே வேலையைச் செய்யும். திறந்த உடனே மீதியைக் கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாலு நாளில் முடித்துவிடுங்கள். காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டுனாவைத் தவிர்ப்பது நல்லது, ஹிஸ்டமினை உடைக்கும் என்சைமை அந்த மருந்து தடுக்கிறது, மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவே அவர்களுக்கு முகம் சிவந்து தலை வெடிக்க வைக்கும்.

உப்பு: 100 கிராமில் சோடியம் 400 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் உச்சவரம்பு 2000. தண்ணீரில் போட்டதைச் சல்லடையில் வைத்துக் குழாயடியில் அலசினால் உப்பு நன்றாகக் குறையும், எண்ணெய் டின்னில் அது நடக்கிற காரியமில்லை, எண்ணெய்ப் படலம் தண்ணீரை உள்ளே விடாது. இரத்த அழுத்தம் இருப்பவர்களுக்குத் தண்ணீர் டின் பக்கம் போக இது ஒரு உருப்படியான காரணம், உப்பு சேர்க்காத டின் கிடைத்தால் இன்னும் நல்லது. யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குகிறவர்களுக்கு டுனாவே அளவோடுதான். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் எண்ணெயை மட்டும் பார்த்தால் போதாது, "காய்கறிச் சாறு" என்று போட்டிருப்பதிலும் சோயா இருக்கலாம்.

டின்னின் உள்பூச்சு பற்றிக் கேட்பார்கள். உலோகம் உணவைத் தொடாமலிருக்க உள்ளே எபாக்சி பூசுவது பழைய வழக்கம், அதில் பிஸ்பீனால் ஏ என்ற ரசாயனம் இருக்கும், கொஞ்சம் உணவுக்குள் இறங்கும், எண்ணெய்ப்பசை உள்ள உணவுக்குள் இறங்க வாய்ப்பு கூடுதல். இதில் ஒழுங்குமுறை அமைப்புகளே இரு கட்சி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அனுமதிக்கப்பட்ட அளவை உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.2 நானோகிராம் என்று கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத அளவுக்கு இறக்கியது, ஐரோப்பிய ஒன்றியம் உணவோடு தொடும் பொருட்களில் அதற்குத் தடையும் கொண்டுவந்துவிட்டது, தொழில்துறைக்கு மாற அவகாசம் கொடுத்து. அமெரிக்கத் தரப்போ இப்போதைய அளவில் ஆபத்தில்லை என்கிறது. என் யோசனை, கண்ணாடிக் குப்பியில் வருவது கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம், டின்னைச் சூடான இடத்தில் வைக்காதீர்கள், டின்னோடு அடுப்பில் வைத்துச் சூடாக்கவே ஆக்காதீர்கள்.

டின்னை எப்போது தூக்கி எறிய வேண்டும் என்பதும் சொல்ல வேண்டும். உப்பியிருந்தால், மூடியும் டின்னும் சேரும் விளிம்பில் நசுங்கியிருந்தால், கசிந்திருந்தால், திறக்கும்போது பீய்ச்சி அடித்தால், ருசி பார்க்காமல் எறியுங்கள். ஒரு நுனி நாக்கு அளவுகூடப் பார்க்க வேண்டாம், போட்டுலினம் நச்சுக்கு அந்த அளவே போதும். நடுவில் லேசாக ஒடுங்கியிருந்தால் பயமில்லை. உள்சுவரில் நீலக் கறுப்பாகக் கறை தெரிந்தால் அது மீனின் கந்தகம் உலோகத்தோடு சேர்ந்தது, பார்க்க அசிங்கம், அவ்வளவுதான்.

எங்களுக்கு வந்த புகார்களில் எனக்கு மறக்காதது கண்ணாடித் துண்டுப் புகார்தான். ஒருவர் சின்னப் பொட்டலத்தில் கட்டிக் கொண்டுவந்தார், கடுகைவிடக் கொஞ்சம் பெரியது, பளபளவென்று, ஓரம் கூராக, கடித்தால் நறநறக்கிறது, குழந்தை வாயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று குரல் உடைந்து பேசினார். ஒரு சின்னக் கிண்ணத்தில் வினிகரை ஊற்றி வெதுவெதுப்பாக்கி அதை உள்ளே போட்டேன், இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம், சில நிமிடத்தில் ஓரங்கள் மழுங்கி, அப்புறம் காணாமலே போனது. அது ஸ்ட்ரூவைட், மீனிலேயே இருக்கும் மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் டின் ஆறும்போது சேர்ந்து உண்டாகும் படிகம், வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும். கண்ணாடியாக இருந்தால் வினிகரில் கரையாது. வந்தவர் பாதி நிம்மதியும் பாதி ஏமாற்றமுமாகக் கிளம்பினார்.

கடலுக்கு இதனால் என்ன என்று கேட்டால் அது தனியாக எழுத வேண்டிய விஷயம். தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடித்தது என்று போட்டிருக்கும் டின் கிடைத்தால் அதை எடுங்கள், மிதவை கட்டி மீனைக் கூட்டிச் சுருக்குவலை போடுவதில் சுறாவும் ஆமையும் வளராத டுனாக் குஞ்சுகளும் சேர்ந்தே மாட்டுகின்றன.

சரி, கேட்டவருக்கு வருவோம். அவர் எடை என்னவென்று சொல்லவில்லை, 60 கிலோவை ஒட்டி என்று வைத்துக்கொள்கிறேன். டின்னின் பின்பக்கத்தைப் படிக்கட்டும். வரிச்சூரை என்றால் நாலைந்தை மூன்றாக்கினால் போதும், ஆல்பகோர் என்றால் ஒன்று. குறைத்த நாட்களில் மத்தி டின் திறக்கலாம், அதே மாதிரி வேலையில்லாத சாப்பாடு, பாதரசம் மிகக் குறைவு, டுனாவில் குறைவாக இருக்கும் ஒமேகா-3யும் கால்சியமும் கிடைக்கும், வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும் என்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயிலிருந்து தண்ணீருக்கு மாற வேண்டிய கட்டாயம் அவருக்கு இரத்த அழுத்தமோ எடைப் பிரச்சினையோ இருந்தால்தான். இல்லையென்றால் சல்லடையில் இரண்டு நிமிடம், முட்கரண்டியால் ஒரு அழுத்து. கூடவே ஏதாவது பச்சைக் காய், முழுத்தானிய ரொட்டி என்று வைத்துக்கொள்ளட்டும், டின்னில் நார்ச்சத்து ஒரு துளியும் கிடையாது.

ஒன்று விட்டுப்போனது. வடித்த எண்ணெயைப் பூனைக்கு ஊற்றுகிற வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். நக்கி நக்கிச் சாப்பிடும்தான், ஆனால் டுனாவும் அதன் எண்ணெயுமே சாப்பாடு என்று பழகிய பூனைக்கு வைட்டமின் ஈ பற்றாக்குறை வந்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வீங்கி, தொட்டாலே வலித்துக் கத்தும் நிலைக்குப் போய்விடும். பாட்டிலில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுங்கள், கழுவு தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும்.